நண்டின் கண்ணில் ஒரு கடிவாளம்

சென்ற இதழில் நண்டு ஓடு கழற்றுவதைப் பற்றி இப்பகுதியில் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஓடு கழற்றலை நடத்துவது ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன் என்று அதில் குறிப்பிட்டிருந்தோம். அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி (பழவேற்காட்டிலிருந்து ஒரு வாசகி): கையில் எடுத்தால் கனமாக இருக்கிறதே என்று நம்பி வாங்கும் நண்டை உடைத்தால், சில நாட்களில் உள்ளே சதையே இல்லாமல் தண்ணீர்தான் ஒழுகுகிறது. 'தண்ணி நண்டு' என்று சொல்லிவிடுகிறார்கள். இதற்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: உங்கள் கைக்கு வந்தது ஓடு கழற்றி அதிக நாள் ஆகாத நண்டு. நண்டின் ஓடு வளராது. உடல் பெருக்க வேண்டுமானால் பழைய ஓட்டிலிருந்து வெளியே வந்து, அதற்கடியில் முன்கூட்டியே உருவாகியிருக்கும் மெல்லிய புதிய ஓட்டை, அது இறுகுவதற்குள் விரித்துக்கொள்ள வேண்டும். அப்படி விரிக்கும் அளவுக்கு உள்ளே சதை இருக்காது என்பதால் நண்டு தண்ணீரை உள்ளிழுத்து உடலை ஊதவைக்கிறது. ஓடு இறுகிய பிறகு பல நாட்கள் இரை தின்றுதான் அந்தத் தண்ணீர் இருந்த இடத்தைச் சதையால் நிரப்புகிறது. தண்ணி நண்டை மலிவாக வாங்கி, சில வாரம் தீனி போட்டுச் சதை பிடிக்கவைத்து நல்ல விலைக்கு விற்கும் தொழில் நம் கரையோரங்களில் நடப்பது இதை நம்பித்தான்.

சதை குறைவாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நண்டின் பெரிய கொடுக்கையும், அது உடலோடு சேரும் அடி மூட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடுக்கில் உள்ள பருத்த சதை முழுவதும் அந்தக் குறுகிய மூட்டின் வழியாகத்தான் வெளியே உருவப்பட வேண்டும். அதற்காக, ஓடு கழற்றும் நாளுக்கு முன்பே கொடுக்கின் தசை தானாகக் கரைந்து சுருங்கிவிடுகிறது.

தசையைக் கரைப்பது, பழைய ஓட்டிலிருந்து சுண்ணச் சத்தை மீட்பது, அடியில் புதிய ஓட்டை நெய்வது ஆகிய எல்லா வேலைகளுக்கும் நேரம் குறிப்பது எக்டைசோன் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீராய்டுகள். இரண்டு ஓடு கழற்றல்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இவை நண்டின் குருதியில் மிகக் குறைவாகவே இருக்கும். ஓடு கழற்றும் காலம் நெருங்கும்போது ஏறத் தொடங்கி, ஒரு மில்லிலிட்டருக்கு நூற்றுக்கணக்கான நானோகிராம் என்ற உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகு சட்டென்று சரிகின்றன. சரிந்த பிறகே ஓடு கழல்கிறது. அளவு ஏறினால் ஆயத்தம் நடக்கிறது, இறங்கினால்தான் ஓடு உடைகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எளிதாக விளங்கும்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஓர் உயிரியல் மாணவி): ஸ்டீராய்டு ஹார்மோன்கள் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகின்றன என்று படித்திருக்கிறோம். நண்டிலும் இறாலிலும் அது எந்த உறுப்பில், எந்த நொதிகளால் நடக்கிறது?

பதில்: நடக்கும் இடம் 'ஒய் உறுப்பு' எனப்படும் ஓர் இணைச் சுரப்பி. தலையும் மார்பும் சேர்ந்த முன்பகுதியில், பக்கத்துக்கு ஒன்றாக, ஓட்டின் உட்புறத் தோலை ஒட்டி இருக்கிறது. 1953-இல் காப் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இதை விவரித்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் எஷாலியே என்பவர் ஐரோப்பியக் கரை நண்டுகளில் இந்தச் சுரப்பியை அகற்றிப் பார்த்தபோது அவை ஓடு கழற்றுவதே நின்றுபோயிற்று; சுரப்பியைத் திரும்பப் பதித்தபோது மீண்டும் தொடங்கிற்று.

மூலப்பொருள் கொலஸ்ட்ரால் என்பது சரி. ஆனால் நம் கல்லீரல் செய்வதுபோல் நண்டும் இறாலும் பூச்சிகளும் கொலஸ்ட்ராலைத் தாமாக ஆக்கிக்கொள்ள இயலாதவை. முழுவதும் இரையிலிருந்துதான் வர வேண்டும். இறால் தீவன மூட்டையில் கொலஸ்ட்ரால் ஒரு சேர்மானமாக இருப்பதைக் கண்டு வியந்து இன்னொரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்கும் இதுவே பதில். நாம் மருத்துவருக்குப் பயந்து ஒதுக்குவதை இறாலுக்கு விலைகொடுத்து வாங்கிப் போட வேண்டியிருக்கிறது.

இரையிலிருந்து சுரப்பிக்குள் வந்த கொலஸ்ட்ராலை முதலில் தொடும் நொதியின் பெயர் நெவர்லேண்ட். அது மூலக்கூற்றிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைக் கழற்றி, ஏழாவது, எட்டாவது கரிமங்களுக்கு இடையில் ஓர் இரட்டைப் பிணைப்பை ஏற்படுத்துகிறது. அடுத்து வரும் கட்டத்துக்கு ஆய்வாளர்களே வைத்த பெயர் 'கறுப்புப் பெட்டி'. உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன என்று தெரிகிறது. இடையில் உருவாகும் பொருள்கள் நிலையாக நின்று பிடிபடுவதில்லை. அந்தப் பெட்டிக்குள் ஸ்பூக் என்ற நொதி வேலை செய்கிறது. அதற்குப் பின் ஃபாண்டம் 25-ஆவது கரிமத்திலும், டிஸ்எம்பாடிட் 22-ஆவதிலும், ஷேடோ இரண்டாவதிலும் ஆளுக்கொரு ஹைட்ராக்சில் தொகுதியை (ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்தது) ஒட்டுகின்றன. முடிவில் கிடைப்பது எக்டைசோன்.

பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஸ்பூக் முதல் ஷேடோ வரை உள்ளவை பழ ஈயில் முதலில் அறியப்பட்ட மரபணுக்களின் பெயர்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று பழுதானால் ஈயின் கரு மேல்தோல் உருவாகாமல் ஆவிபோல் வெளிறி இறந்துவிடும் என்பதால், பேய், நிழல், உடலற்றது என்று பொருள்படும் பெயர்களைச் சூட்டி, மொத்தமாக ஹாலோவீன் மரபணுக்கள் என்று அழைத்தார்கள். ஸ்டீராய்டு செய்யும் நொதிகள்தாம் இவை என்பது பின்னாளில் தெரியவந்தது. நான்குமே சைட்டோக்ரோம் பி450 வகை நொதிகள். நம் அட்ரீனல் சுரப்பியிலும் இதே வகை நொதிகள்தாம் ஸ்டீராய்டு செய்கின்றன. ஆனால் அங்கே முதல் வேலையே கொலஸ்ட்ராலின் நீண்ட வாலை வெட்டி, 27 கரிமங்களை 21 ஆகக் குறைப்பது. நண்டு வெட்டுவதில்லை. 27 கரிமங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, அங்கங்கே ஹைட்ராக்சில்களை மட்டும் சேர்க்கிறது.

எக்டைசோன் இன்னும் முழு வேலைக்காரன் அல்ல. சுரப்பியை விட்டுக் குருதியில் கலந்து, மேல்தோல் முதலிய திசுக்களை அடைந்த பிறகு, அங்கே ஷேட் என்ற கடைசி நொதி 20-ஆவது கரிமத்தில் மேலும் ஒரு ஹைட்ராக்சிலைச் சேர்க்கிறது. அந்த 20-ஹைட்ராக்ஸி எக்டைசோன்தான் செல்லின் கருவுக்குள் உள்ள ஏற்பியோடு சேர்ந்து மரபணுக்களை இயக்கும் வடிவம். இதைத் தனித்துப் பிரித்தவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹாம்ப்ஷயரும் ஹார்னும். 1966-இல் ஏறக்குறைய ஒரு டன் சிங்கி இறால் வகையைப் பிழிந்து அவர்கள் எடுத்தது 2 மில்லிகிராம். 1954-இல் ஜெர்மனியில் புட்டெனான்ட்டும் கார்ல்சனும் அரை டன் பட்டுப்பூச்சிக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோன் எடுத்ததே பெரிய செய்தியாக இருந்தது என்றால், இந்த 2 மில்லிகிராமுக்குப் பின்னால் இருக்கும் பொறுமையை எண்ணிப் பாருங்கள்.

எல்லா இனங்களும் ஒரே வரிசையில் நடப்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியக் கரை நண்டின் ஒய் உறுப்பு எக்டைசோனோடு, 25-ஆவது இடத்து ஹைட்ராக்சில் இல்லாத ஒரு வடிவத்தையும் சுரக்கிறது. வெளித் திசுக்களில் அது பொனாஸ்டிரோன் ஏ ஆக மாறி, அதுவும் வீரியமான ஹார்மோனாகவே செயல்படுகிறது.

கேள்வி (மரக்காணத்திலிருந்து ஓர் இறால் பொரிப்பகப் பணியாளர்): தாய் இறாலுக்கு ஒரு கண்ணை வெட்டினால் சினை பிடிக்கிறது. ஆனால் அதே நாளில் அதே கையால் வெட்டிய இறால்களில் சில சினை பிடிக்காமல் ஓடு கழற்றிவிடுகின்றன, சில செத்துப்போகின்றன. ஒரே வெட்டுக்கு மூன்று விளைவு ஏன்?

பதில்: இந்த வாரம் வந்ததிலேயே கூர்மையான கேள்வி இது. விடை, கண்தண்டுக்குள் என்ன இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

இறால், நண்டு ஆகியவற்றின் கண், ஒரு காம்பின் நுனியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காம்புக்குள் நரம்புச் செல்களின் கொத்து ஒன்று இருக்கிறது. அது எக்ஸ் உறுப்பு. அந்தச் செல்களின் இழைகள் அருகில் ஓரிடத்தில் ஒன்றாகக் கூடி முடிகின்றன. அந்த இடம் சைனஸ் சுரப்பி. முதலாவது ஹார்மோன்களை ஆக்குகிறது. இரண்டாவது அவற்றைச் சேர்த்துவைத்துக் குருதியில் விடுகிறது. இங்கிருந்து வருபவை ஸ்டீராய்டுகள் அல்ல. 70, 80 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதங்கள். அவற்றுள் ஒன்று ஓடு கழற்றலைத் தடுக்கும் ஹார்மோன். கரை நண்டில் அது 78 அமினோ அமிலங்களால் ஆனது. இது ஒய் உறுப்பை அழுத்திப் பிடித்து, ஸ்டீராய்டு செய்யவிடாமல் வைத்திருக்கிறது. இன்னொன்று சினைப்பை வளர்வதைத் தடுப்பது. மூன்றாவது, குருதியில் சர்க்கரையை ஏற்றுவது. ஓரளவுக்கு இதுவும் ஒய் உறுப்பை அடக்கும்.

ஆக, கண்தண்டில் இருப்பவை பெரும்பாலும் கடிவாளங்கள். 1905-இல் சார்லஸ் ஸெலனி பிடில் நண்டுகளின் கண்தண்டுகளை நீக்கியபோது அவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஓடு கழற்றின. 1943-இல் பனூஸ் ஓர் இறால் இனத்தில் அதையே செய்தபோது பருவம் அல்லாத காலத்தில் சினைப்பை வளர்ந்தது. இன்று உங்கள் பொரிப்பகத்தில் நடப்பது பனூஸின் சோதனை. ஆனால் கத்திரி, ஸெலனியின் சோதனையையும் சேர்த்தே செய்துவிடுகிறது. கண்தண்டில் உள்ள கடிவாளங்களில் ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் வெட்ட அதற்குத் தெரியாது.

வெட்டியவுடன் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் அவிழ்கின்றன. எது முந்தும் என்பது வெட்டிய அன்று இறால் தன் சுழற்சியில் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது. ஓடு நன்கு இறுகி, அடுத்த ஓடு கழற்றலுக்கான ஆயத்தம் தொடங்காத இடைக்காலத்தில் வெட்டினால் சினைப்பை முந்திக்கொள்ளும். ஒய் உறுப்பு ஏற்கெனவே சுரக்கத் தொடங்கிவிட்ட கட்டத்தில் வெட்டினால் ஓடு கழற்றல் முந்தும். அந்தச் சுற்றில் சினை கிடைக்காது. ஓடு கழற்றிய கையோடு, உடல் மிருதுவாக இருக்கும்போது வெட்டினால் அந்தக் காயத்தையும் இரத்த இழப்பையும் இறால் தாங்குவதில்லை. நீங்கள் கண்ட மூன்று விளைவுகளும் இவைதாம். எனவே வெட்டும் முன் ஓட்டைத் தொட்டுப் பாருங்கள்; வால் மடலின் ஓரத்தை நுண்ணோக்கியில் வைத்து, பழைய ஓட்டுக்குள் புதிய ஓட்டின் விளிம்பு பின்வாங்கத் தொடங்கியிருக்கிறதா என்று நோக்கிக் கட்டத்தைத் தீர்மானியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை மட்டும் பார்த்து நாள் குறிப்பதைவிட இது நம்பகமானது.

இரண்டு கண்களையும் வெட்டாமல் ஒன்றோடு நிறுத்துவதும் இதனால்தான். மீதமுள்ள ஒரு தண்டு, பாதிக் கடிவாளத்தையாவது பிடித்துக்கொண்டிருக்கும். ஆனாலும் இது முரட்டு வேலை என்பதே என் கருத்து. சினைத் தடுப்பு ஹார்மோனை மட்டும் மரபணு நிலையிலோ எதிர்ப்புரதத்தாலோ அடக்கிவிட முடிந்தால் கத்திரிக்கு வேலை இல்லை. அந்த வழியில் முயற்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன.

கேள்வி (திருச்சிராப்பள்ளியிலிருந்து ஓர் ஆய்வு மாணவர்): அப்படியானால், தடுப்பு ஹார்மோன் குருதியில் குறைந்ததும் ஒய் உறுப்பு விழித்துக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பாடப்புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது, தொடக்கத்துக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் முழுக் கதை அதுவல்ல.

தடுப்பு ஹார்மோன் ஒய் உறுப்பின் செல்லைத் தொட்டால் உள்ளே முதலில், செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான வளைய ஏஎம்பி சிறிது ஏறுகிறது. அதைத் தொடர்ந்து கால்சியம், நைட்ரிக் ஆக்சைடு வழியாக, அதே வகையைச் சேர்ந்த வளைய ஜிஎம்பி பெருகுகிறது. இந்தச் செய்தி சென்று சேருமிடம் எம்டார் என்ற நொதி. அந்நொதி செல்லில் புரத உற்பத்தியின் முடுக்கியைப் போன்றது. எம்டார் அடங்கினால் செல் வளராது, நொதிகள் பெருகா. தடுப்பு ஹார்மோன் இருக்கும்போது கொலஸ்ட்ராலைச் சுரப்பி உறிஞ்சுவதும் குறைகிறது. குரூமா இறாலில் ஃபாண்டம் மரபணுவின் வெளிப்பாடும் தாழ்கிறது. அதாவது மூலப்பொருள், நொதி, புரத உற்பத்தி என்று பல இடங்களில் ஒரே சமயத்தில் பிடி விழுகிறது. எம்டாரைத் தடுக்கும் ராபமைசின் மருந்தை ஒய் உறுப்பின் மேல் விட்டால், தடுப்பு ஹார்மோன் இல்லாமலேயே ஸ்டீராய்டு சுரப்பது குறைந்துவிடுகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். கரை நண்டில் ஜே. சூக் சங்கும் சைமன் வெப்ஸ்டரும் கண்டது இது: ஓடு கழற்றும் காலம் நெருங்கும்போது கண்தண்டில் தடுப்பு ஹார்மோனின் இருப்போ, அதை ஆக்கும் மரபணுவின் வெளிப்பாடோ குறிப்பிடும்படி மாறவில்லை. மாறியது ஒய் உறுப்பின் செவி. இடைக்காலத்தில் சிறிதளவு ஹார்மோனுக்கே அடங்கிய சுரப்பி, ஆயத்தக் காலத்தில் அதே ஹார்மோனைப் பொருட்படுத்தவில்லை.

கரீபியப் பகுதியின் கருமுதுகுத் தரை நண்டில் செய்த ஆய்வுகள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன. அடங்கிய நிலை முதலாவது. கடிவாளம் தளர்ந்ததும் எம்டார் இயங்கி, சுரப்பி பருத்து, ஸ்டீராய்டு ஏறத் தொடங்குவது இரண்டாவது. இந்த நிலையில் தடுப்பு ஹார்மோன் திரும்பி வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவைக்க முடியும். மூன்றாவது நிலையில் முடியாது. ஆக்டிவின் என்ற புரதத்தின் வகையைச் சேர்ந்த சமிக்ஞை ஒன்று சுரப்பியை அந்த எல்லையைத் தாண்டச் செய்கிறது. அச்சமிக்ஞையைத் தடுத்தால் சுரப்பி எல்லையைத் தாண்டுவதில்லை. தாண்டிவிட்டால் கண் என்ன சொன்னாலும் கேட்காமல் உச்சம் வரை சுரந்துகொண்டே போகும். நான்காவதில், உச்சத்தைத் தொட்ட அந்த ஸ்டீராய்டே சுரப்பியை ஒடுக்குகிறது என்று கருதப்படுகிறது. முதல் பதிலில் சொன்ன சட்டென்ற சரிவு அதுதான்.

கேள்வி (ஓசூரிலிருந்து ஒரு பட்டு வளர்ப்பாளர்): பட்டுப்புழு தோல் உரிப்பதும் எக்டைசோனால்தானே? இரண்டும் ஒன்றுதானா?

பதில்: செய்யப்படும் பொருளும் செய்யும் நொதிகளும் ஒன்றே, ஏவும் முறை நேர் எதிர். புழுவின் மூளையிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் முன்மார்புச் சுரப்பியைத் தட்டி எழுப்பி எக்டைசோனைச் சுரக்கச் செய்கிறது. அந்தத் தட்டல் வராவிட்டால் சுரப்பி சும்மா இருக்கும். நண்டில் தட்டி எழுப்ப ஆள் தேவையில்லை. அழுத்திப் பிடித்திருக்கும் கை விலகினால் போதும்.

கேள்வி (காரைக்காலிலிருந்து ஒரு வாசகர்): நண்டு, இறால் நிறையச் சாப்பிட்டால் இந்த ஸ்டீராய்டு நம் உடலில் ஏதாவது செய்யுமா?

பதில்: நம் செல்களில் எக்டைசோனுக்கான ஏற்பி கிடையாது. தவிர, இது நண்டுக்கு மட்டும் உரிய பொருளும் அல்ல. பாலக்கீரையிலும் நாயுருவியிலும் இதே 20-ஹைட்ராக்ஸி எக்டைசோன் உண்டு. மேலே சொன்ன பொனாஸ்டிரோன் முதலில் கிடைத்ததே ஒரு மரத்தின் இலையிலிருந்துதான். நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரிப்பும் வீக்கமும் வருவதற்குக் காரணம் அதன் புரதங்கள். இந்த ஸ்டீராய்டின் மேல் அந்தப் பழியைப் போட வேண்டாம்.

கேள்வி (தூத்துக்குடியிலிருந்து ஒரு மீனவர்): வலையில் சிக்கிக் கால்களை உதறிவிட்டுப் போன நண்டு, மறுபடி கால் முளைத்து வருவதைப் பார்த்திருக்கிறேன். கால் போனது உள்ளே இருக்கும் இந்தச் சுரப்பிக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: தெரிகிறது என்பது வரை உறுதி. புதிய கால் முதலில் ஒரு சிறு மொட்டாக, தோலுறைக்குள் மடிந்து வளர்கிறது. அது விரிந்து காலாக நீள வேண்டுமானால் ஓடு கழற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே இழந்த கால்கள் பல என்றால் நண்டுக்கு அவசரம். அமெரிக்க ஆய்வாளர் டோரத்தி ஸ்கின்னர் தரை நண்டுகளில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கால்களை உதிரச் செய்தபோது, அவை தம் முறைக்கு முன்பே ஓடு கழற்ற ஆயத்தமாயின. கண்தண்டின் கடிவாளத்தை மீறி ஒய் உறுப்பு இயங்கத் தொடங்குகிறது என்பது இதற்குப் பொருள்.

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. அப்படி ஆயத்தம் தொடங்கி, ஸ்டீராய்டு ஏறிக்கொண்டிருக்கும் ஆரம்பக் கட்டத்தில், வளர்ந்துவரும் அந்த மொட்டுகளைக் கிள்ளிவிட்டால் குருதியில் ஸ்டீராய்டு மீண்டும் இறங்கிவிடுகிறது. ஓடு கழற்றல் தள்ளிப்போகிறது. கிள்ளிய இடத்தில் புதிதாக மொட்டு கிளம்பி, மற்ற மொட்டுகளின் அளவை எட்டும் வரை நண்டு சில வாரங்கள் காத்திருந்து, அதன் பிறகே எல்லாக் கால்களோடும் ஒன்றாக வெளியே வருகிறது. கட்டம் முற்றி, சுரப்பி மூன்றாவது நிலைக்குப் போய்விட்ட பிறகு கிள்ளினால் காத்திருப்பதில்லை. அந்தக் கால் இல்லாமலேயே ஓட்டைக் கழற்றிவிடுகிறது. நீங்கள் வலையில் காணும், ஒரு கால் மட்டும் குறைந்து மற்றவை பளபளப்பாக இருக்கும் புது ஓட்டு நண்டு, இப்படித் தாமதமாகக் காலை இழந்ததாகவும் இருக்கக்கூடும்.